மூட்டாத சாரமும் அவுரி நீலமும்: ஒரு கலியாண உடுப்பின்ர கதை, முழுசா

யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் சின்னதா ஒரு தையல் கடை வைச்சிருக்கிறன், சட்டை தைக்கிறதும் பொம்பிளை வெளிக்கிடுத்துறதும் தான் தொழில், இருபத்திரண்டு வருசமாகுது. என்னட்டப் பழகிற பிள்ளையள் ரெண்டு பேர், அக்கா அந்த நீலச் சீலைக் கலியாணத்தில உண்மையா என்ன நடந்தது, ஒருக்கா எழுதி வையுங்கோவன், ஆளாளுக்கு ஒவ்வொரு கதை சொல்லினம் எண்டு கரைச்சல் தந்தபடியா எழுதிறன். பேர் ஊர் ஒண்டும் போடமாட்டன். நான் விட்ட பிழையையும் சேத்துத்தான் எழுதிறன், அதில ஒளிக்க ஒண்டுமில்லை.

2025 மாசியில பிள்ளை கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவள், வயசு இருபத்தொன்பது, கலியாணம் வைகாசிக் கடைசியில. மாப்பிளைப் பொடியன் இணுவில் பக்கம், தோட்டக்காரக் குடும்பம், தேப்பன் புகையிலையும் வெங்காயமும் போட்டுத்தான் மூண்டு பிள்ளையளையும் படிப்பிச்சவர். ரெண்டு பேருக்கும் எழுத்து முதலே முடிஞ்சுது, எழுத்துக்கு ரெண்டும் ஜீன்சோட போய்க் கையெழுத்து வைச்சிட்டு வந்து றோட்டோரம் ஐஸ்கிறீம் குடிச்சதுகள், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. சட்டப்படி பாத்தா 1907 இல வந்த விவாகப் பதிவுச் சட்டத்தோட அண்டைக்கே அவை புருசன் பெண்சாதி. ஆனா சனத்துக்கு அது கலியாணம் இல்லை, மணவறையில இருந்து எழும்பினாத்தான் கலியாணம், அதால உடுப்புச் சண்டையும் மணவறைக்குத்தான்.

பிள்ளை கேட்டது இவ்வளவுதான். பட்டு வேண்டாம், பருத்திச் சீலை, அதுவும் அவுரிச் சாயம் போட்ட நீலம். சட்டை கொலர் வைச்சு சேர்ட் மாதிரி, முழங்கை வரைக்கும் கை. சவுரி வேண்டாம், ஒட்டியாணம் வேண்டாம், நெத்திச்சுட்டி வேண்டாம். எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிக் கொண்டு வந்திருந்தாள், ரீச்சர் எல்லோ. நான் சரி எண்டு தலையாட்டிக் கொண்டிருக்க, போற போக்கில ஒண்டு சொன்னாள், "அன்ரி, அவர் சாரம் கட்டப்போறாராம்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சாரமோ? லுங்கி எண்டும் சொல்லுவினமே, பின்னேரம் கிணத்தடியில குளிச்சிட்டுக் கட்டிக்கொண்டு வாற அந்தச் சாரமோ?

ஓமாம். பொடியன் நாலு கலியாணத்துக்குத் தோழனாப் போனவன், நாலிலயும் பட்டு வேட்டி இடுப்பில நிக்கேல்லை, ஒரு இடத்தில பெல்ட் போட்டுக் கட்டி அது சால்வைக்குள்ளால தெரிஞ்சு அல்பம் முழுக்க அவன்ர பெல்ட் தான். கல்லு வைச்ச வாடகைத் தலைப்பாவையும் அவனுக்குப் பிடிக்காது, கூத்தில வாற ராசா மாதிரி இருக்காம். சின்ன வயசில இருந்து சாரம்தான் கட்டிறன், ஓடலாம் குனியலாம் அவிழாது, என்னை மாதிரி இருக்கும் எண்டு சொன்னவனாம். கதை நியாயம்தான். ஆனா நியாயத்தை வைச்சுக் கலியாணம் செய்ய ஏலாது.

இந்தத் தொழிலில புதுசா வாற பிள்ளையள் விடுற பெரிய பிழை என்னெண்டா, உடுப்பெண்ட உடன நிறத்தையும் டிசைனையும் யோசிக்கிறது. எங்கட ஊரில கலியாண உடுப்பு எண்டா முதல் கேக்கவேண்டியது இதை ஆர் குடுக்கிறது எண்டுதான். கூறை, அதாவது தாலி கட்டேக்க பொம்பிளை உடுக்கிற சீலை, மாப்பிளை வீட்டுக் காசு. தாலிக்கொடியும் மாப்பிளை வீடு. பொம்பிளை முதல் மணவறைக்கு வரேக்க உடுத்து வாற சீலை பொம்பிளை வீடு. மாப்பிளைக்கு வேட்டி சால்வை ஆர், தோழன்ர வேட்டி ஆர், தோழியின்ர சீலை ஆர், எல்லாத்துக்கும் ஒரு கை இருக்கு. சீதனம் ஆற்றை, முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆற்றை, தேடியதேட்டம் (பிறகு சம்பாதிச்சது) ஆற்றை எண்டு 1707 இல ஒல்லாந்தர் எங்கட வழமைச் சட்டமான தேசவழமையை எழுதி வைச்ச ஊர் இது, அந்தக் கணக்கு இன்னும் எங்கட ரத்தத்தில ஓடுது. நீங்கள் ஒரு உடுப்பை வேண்டாம் எண்டா, அந்த உடுப்பைத் தாறதுக்கு நீட்டின கையையும் வேண்டாம் எண்டுறீங்கள். சண்டை வாறது அங்கதான், நிறத்தில இல்லை.

அதால பிள்ளையின்ர கொப்பியை வாங்கி ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில "இது ஆர் தாறது" எண்டு எழுதச் சொன்னன். எழுதி முடிக்க அவளுக்கே விளங்கீட்டுது, நீலச் சீலையைக் கூறையாக் கேட்டா மாமியோட சண்டை, அதையே முதல் சீலையாக் கேட்டா தாயோட மட்டும் சண்டை, தாயைச் சமாளிக்கலாம்.

எங்கட முறை தெரியாதவைக்குச் சொல்லிறன், இஞ்ச பொம்பிளைக்கு ரெண்டு சீலை. முதல் சீலையோட வந்து மணவறையில இருந்து கன்னிகாதானம் முடிய, கூறைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ள போய் மாத்தி, கூறையோட வரத்தான் தாலி. உள்ள போய் மாத்த எங்களுக்குக் கிடைக்கிறது இருபது நிமிசம், சில ஐயர்மார் பத்து நிமிசத்திலயே ஆள் விட்டுக் கேப்பினம், வெளியில மேளகாரர் வாசிச்சுக் கொண்டிருப்பினம், உள்ள நாங்கள் ஊசியும் நூலும் வேர்வையும். இந்த ரெண்டு சீலை முறைதான் எனக்குக் கை குடுத்தது. முதல் சீலை நீலம், அது பிள்ளையின்ர விருப்பம். கூறை மாமியின்ர விருப்பம், ஆனா பருத்தி கலந்து இருக்கோணும், அவ்வளவுதான் நாங்கள் கேக்கிறது.

மாமியிட்ட இதைச் சொல்லப் பிள்ளை பயந்து என்னை அனுப்பினவள். மாமி நல்ல மனுசி, ஆனா கூறைக்கெண்டு அஞ்சாறு வருசமாச் சீட்டுப் பிடிச்சுக் காசு சேத்து வைச்சிருந்தவ, பலாலியில பிளேன் ஏறிச் சென்னைக்குப் போய் காஞ்சிபுரத்தில பாத்துப் பாத்து எடுக்கிறதெண்டு ஊர் முழுக்கச் சொல்லியும் போட்டா. நான் போய் பருத்தி எண்ட சொல்லை எடுத்த உடன முகம் விழுந்திட்டுது. "ஏன் பிள்ளை, நாங்கள் பட்டெடுக்க வக்கில்லாத ஆக்கள் எண்டு நினைச்சிட்டாவோ?"

கேட்டீங்களோ? அதுதான் சொன்னனான், நிறமும் இல்லை துணியும் இல்லை.

நான் அப்ப சொன்னது பொய்யில்லை, எனக்குத் தெரிஞ்ச விசயம் தான். மாமி, கூறை எண்ட பேரே தமிழில துணிக்குப் பழைய பேர். அதோட மயிலாடுதுறையில கூறைநாடு எண்டு ஒரு இடமிருக்கு, அங்க நெசவாளர் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்யிற சீலைக்குத்தான் கூறைப் புடவை எண்டு பேர் எடுத்தது. இப்ப நாங்கள் கூறை எண்டு கட்டிற சிவப்பு முழுப்பட்டும் உள்ளங்கை அகல சரிகைக் கரையும் பிறகு வந்த கோலம். பழைய கூறை வேணுமெண்டா கூறைநாட்டுக்கு எல்லோ போகோணும் எண்டன். மாமி கொஞ்சம் நிமிர்ந்து இருந்தா. பழசு எண்டா எங்கட ஆக்களுக்கு ஒரு மரியாதை, புதுசு எண்டு சொல்லி ஒண்டையும் விக்கேலாது, அதையே பழசு எண்டா விலை கேக்காமல் வாங்குவினம். (இதை வியாபாரத் தந்திரம் எண்டு நினைக்காதேங்கோ. சரி, கொஞ்சம் தந்திரம் தான்.)

பிறகு காலமும் ஒத்து வந்தது. காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல், 2023 ஒக்டோபரில தொடங்கி உடன நிண்டு, 2024 ஆவணியில திரும்ப ஓடி, மழைக்கெண்டு நிப்பாட்டி, 2025 மாசியில மறுபடி விட்டவை. நாகபட்டினத்தில இருந்து மயிலாடுதுறை பஸ்ஸில ரெண்டு மணித்தியாலம் வருமோ என்னவோ. மாமிக்குப் பிளேனை விடக் கப்பல் பிடிச்சுப் போச்சு, சிதம்பரமும் போகலாம் வைத்தீஸ்வரன் கோயிலும் போகலாம் எண்டு தங்கச்சியாரையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டா. கூறைநாட்டில நெசவு முந்தின மாதிரி இல்லை, தறி குறைஞ்சு போச்சு, தேடித்தான் எடுத்தவை. கொண்டு வந்த கூறையைப் பாத்து நானே கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. குங்குமச் சிவப்பில சின்னக் கட்டம், கட்டத்துக்குள்ள சந்தன நிறக் கோடு, ஒரு விரலுக்குக் கொஞ்சம் கூட அகலத்தில கரை. கையில தூக்கினா பாரமே இல்லை. என்னட்ட மரக்கறி நிறுக்கிற சின்னத் தராசு இருக்கு, அதில வைச்சுப் பாத்தன், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு முதல் மாசம் வெளிக்கிடுத்தின பொம்பிளையின்ர பட்டுக் கூறை ஒரு கிலோவைத் தாண்டினது, அந்தப் பிள்ளை ஓமப் புகைக்குள்ள வேர்த்து மயங்கப் பாத்து, தேசிக்காய் மணக்கக் குடுத்து இருத்தினனாங்கள்.

மாமி வைச்ச நிபந்தனை ஒண்டே ஒண்டுதான், கூறையில நீலம் ஒரு நூலும் வரக்கூடாது. சரியெண்டு விட்டன்.

மாமியின்ர தங்கச்சியார்தான் அந்தச் சந்தன நிறக் கோட்டைப் பாத்து வெள்ளை வெள்ளையாத் தெரியுது, துக்கத்துக்குக் கட்டிற மாதிரி எண்டு ஒரு கதை விட்டவ. நான் சொன்னன், அம்மா, உடுவில் மானிப்பாய்ப் பக்கம் அமெரிக்க மிசன் வழியில வந்த வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்களுக்கும் நான் வெளிக்கிடுத்திறனான், உடுவில் பள்ளிக்கூடம் 1824 இல தொடங்கினது, அந்த ஆக்களின்ர பொம்பிளை முழு வெள்ளைச் சீலையும் தலையில நெற்றும் போட்டுத்தான் கோயிலுக்குப் போறது, தாலியும் கட்டினம், பிள்ளை குட்டியோட நல்லாத்தான் இருக்கினம், நீங்களும் போய்ச் சாப்பிட்டு அல்பத்தில நிண்டனீங்கள் தானே. அதோட அந்தக் கதை நிண்டுது.

தொண்ணூறில இருந்து தொண்ணூத்தஞ்சு வரைக்கும் இஞ்ச எப்பிடிக் கலியாணம் நடந்தது எண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குத் தெரியாது. பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, மாப்பிளை மண்ணெண்ணையில ஓடின காரில புகைச்சுப் புகைச்சு வருவார், இல்லாட்டிச் சைக்கிள். என்ர பெரியம்மாவின்ர மகள் 1993 இல கட்டின கூறை அவவின்ரை இல்லை, ஒழுங்கைக்குள்ள ஒரு வீட்டில இருந்த கூறை, அந்த ஒண்டை நாலு பொம்பிளையள் மாறி மாறிக் கட்டினவை எண்டு அக்கா இப்பவும் சொல்லிச் சிரிப்பா. ஒருத்தி கட்டின கூறையை இன்னொருத்தி கட்டக்கூடாது எண்டு அப்ப சொல்ல ஆருக்கும் வாய் வரேல்லை. நாலு பேரும் இப்ப பேரப்பிள்ளை கண்டாச்சு.

தாலிக்கொடியைப் பற்றியும் ஒரு வசனம் எழுதோணும், பிள்ளை மெல்லிசாப் போதும் எண்டு கேட்டவள், அப்பவே பவுண் 2 லட்சத்துக்கு மேல, வருசக் கடைசியில 3 லட்சமும் தாண்டிட்டுது, எண்டாலும் கொடியில கை வைக்க ரெண்டு வீடும் விடேல்லை, ஒற்றை எண்ணில ஒன்பது பவுண், கதை முடிஞ்சுது. அதில நான் வாய் வைக்கேல்லை, என்ர வேலையும் இல்லை.

இனிச் சாரம். உண்மையான கேஸ் இதுதான்.

முதல் ஐயரிட்டப் போனனாங்கள், ஏனெண்டா ஐயர் வேண்டாம் எண்டா அதோட விசயம் முடிஞ்சிடும். ஐயர் வயசானவர், பகிடியும் விடுவார். சாரத்தில என்ன பிழை எண்டு கேட்டதுக்கு அவர் சொன்னது எனக்கு இருபத்திரண்டு வருசத்தில ஒருத்தரும் சொல்லித் தராத விசயம். நிறம் கட்டம் எல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லைப் பிள்ளை, கிரியையில இருக்கிறவன் தைச்ச துணி கட்டக்கூடாது, வேட்டி தைக்காதது, கூறை தைக்காதது, சாரம் மூட்டினது, அதுதான் பிழை எண்டார். அப்ப மூட்டாட்டி? எண்டு நான் கேட்டன். ஐயர் என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தன்.

சாரத்துக்கும் வேட்டிக்கும் நடுவில இருக்கிறது ஒரு தையல். கடையில மூட்டாத சாரம் எண்டு கேட்டா ரெண்டு மீற்றர் துணியாத் தருவினம், வீட்ட கொண்டு போய் ரெண்டு தலைப்பையும் சேத்து மூட்டினாத்தான் அது சாரம். மூட்டாமல் விட்டா அளவில அது நாலு முழ வேட்டி, கட்டம் போட்ட நாலு முழ வேட்டி. நான் எத்தினை ஆயிரம் சாரம் மூட்டியிருப்பன், ஒரு நாளும் இது எனக்கு ஓடேல்லை.

எனக்குச் சந்தோசம், பொடியனுக்கும் சந்தோசம், கேஸ் முடிஞ்சுது எண்டு நினைச்சனான். முடியேல்லை. ஐயருக்கு மேல ஒரு ஆள் இருந்தார், பொடியன்ர தேப்பன்.

அவர் சைக்கிளில கடைக்கு வந்தவர், வெள்ளை வேட்டி, தோளில சால்வை, நெத்தியில திருநீறு. தோட்டத்தில அவரைச் சாரத்தோட எத்தினையோ தரம் கண்டிருக்கிறன், ஆனா றோட்டில கண்டா வேட்டிதான். கதிரையில இருக்கச் சொல்ல இருக்கேல்லை, நிண்டபடியே கேட்டார், "பிள்ளை, நான் சாரத்தை மடிச்சுக் கட்டிக் கொண்டு மம்பெட்டி பிடிச்சு அவனைப் படிப்பிச்சது, அவன் சாரத்தோட போய் மணவறையில இருக்கிறதுக்கோ?"

எனக்கு மறுமொழி இல்லை. தேத்தண்ணி போட்டுக் குடுத்தன், பேந்துதான் இருந்தார். இருந்து மெல்லமா ஒரு கதை சொன்னார். அவற்ற தேப்பனுக்குச் சின்ன வயசில, பெரிய ஆக்களின்ர படலையைத் தாண்டிப் போகேக்க சால்வையைத் தோளில போட ஏலாதாம், எடுத்துக் கக்கத்துக்குள்ள வைக்கோணுமாம், வேட்டியை முழங்காலுக்குக் கீழ இறக்கினா அடி விழுமாம். இந்த ஊரில ஆர் ஆர் என்ன உடுக்கலாம், பொம்பிளையள் மேலுக்குச் சட்டை போடலாமோ, நகை போடலாமோ எண்டெல்லாம் சாதி பாத்து வைச்சிருந்த காலம் ஒண்டு இருந்தது, அது கதைப் புத்தகத்தில வாற காலம் இல்லை, எங்கட பாட்டன் பூட்டன் கண்ட காலம். அவற்ற தேப்பன் கால் வரைக்கும் வேட்டியை இறக்கிக் கட்டினதே ஒரு சண்டைக்குப் பிறகு. "அந்த வேட்டியை இவன் வேண்டாமெண்டிறான்" எண்டார், அதுக்கு மேல கதைக்கேல்லை.

அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. பொடியனுக்குச் சாரம் எண்டா வீடு, சுகம், தான். தேப்பனுக்குச் சாரம் எண்டா கூலி, சேறு, குனிஞ்ச முதுகு. ரெண்டு பேரும் ஒரே துணியைத்தான் பாக்கினம். உண்மையைச் சொன்னா நான் அதுவரைக்கும் பொடியன்ர பக்கம், இந்தக் கதைக்குப் பிறகு தேப்பன்ர பக்கம் போயிட்டன். வித்தியாசமா உடுக்கிறது, எளிமையா உடுக்கிறது எண்டு இப்ப கனபேர் கேக்கினம், அதில பிழை இல்லை, ஆனா எளிமையாத்தான் உடுக்கோணும் எண்டு ஒருக்கால் கட்டாயப்படுத்தின குடும்பத்துக்கு அது வேற மாதிரிக் கேக்கும்.

இதுக்குள்ள கொழும்பில இருந்து வந்த ஒரு சித்தப்பா வேற, கட்டமெண்டபடியாப் பரவாயில்லை, வெள்ளைச் சாரமும் நீட்டுக்கைச் சட்டையும் எண்டா பாராளுமன்றம் போற சிங்கள அமைச்சர் மாதிரி இருப்பான் எண்டு பகிடி விட்டுச் சூட்டைக் கூட்டினார். இதே சித்தப்பாவின்ர மகன் போன வருசம் வரவேற்புக்கு மினுங்கிற செர்வானி போட்டவன், செர்வானி எங்க இருந்து வந்தது எங்கட தாத்தாமார் ஆர் போட்டவை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. வெளியில இருந்து வாறது எவ்வளவு புதுசு எண்டாலும் அது பாஷன், வீட்டுக் கொடியில காயிறதை எடுத்துக் கட்டினா மானம் போச்சு.

பொன்னுருக்கலுக்கு ஒரு பரீட்சை வைச்சுப் பாப்பம் எண்டு நான் சொன்னன், அது மாப்பிளை வீட்டில, கிட்டின சொந்தம் மட்டும், பத்தர் வந்து தாலிக்குப் பொன்னை உருக்கி முடிய ஒரு மணித்தியாலம். தேப்பனும் அதுக்கு மட்டும் ஓமெண்டார். மூட்டாத சாரம், நரை வெள்ளையில மெல்லிய கறுப்புப் பச்சைக் கோடு, கஞ்சி போட்டு மடிப்பு வைச்சு, சால்வையும் வெள்ளை. கட்டி விட்டது நான் இல்லை, பொடியன்ர மச்சான்.

நடந்தது என்ன தெரியுமோ, அது சாரம் எண்டு ஒரு குருவிக்கும் தெரியேல்லை! தையல் இல்லை, முன்னால மடிப்பு விழுது, ஒரு கிழவி வந்து "தம்பி, வடிவான வேட்டி, எந்தக் கடையில எடுத்தனீ" எண்டு கேட்டிட்டுப் போறா. பொடியன்ர முகத்தைப் பாக்கோணும். சாரம் கட்டிறன் எண்டு மூண்டு மாசமாச் சண்டை பிடிச்சு, கட்டின அண்டைக்கு அது வேட்டியாப் போச்சு. "அப்ப நான் ஏன் அக்கா கட்டுவான்" எண்டு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல.

வழியைத் திறந்தது தேப்பன் தான், அதுவும் கோவத்தில. அண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைப்பாக் கதை வந்தது, வாடகைத் தலைப்பா வைக்கமாட்டன் எண்டு பொடியன் ஒரே பிடி. தேப்பன் எரிச்சலில, தோட்டத்தில வெயிலுக்கு நாங்கள் இந்தச் சாரத்துண்டைத்தான் தலையில சுத்திறனாங்கள், வேணுமெண்டா அதைச் சுத்திக்கொண்டு போ எண்டு சொல்லிப்போட்டார். சொன்ன உடன வீடு அமைதியாப் போச்சு. பொடியன் "சுத்திறன் அப்பா" எண்டான். தேப்பன் ஒரு நிமிசம் யோசிச்சவர், வெத்திலையைத் துப்பிட்டு வந்து சொன்னார், "தலையில இருக்கலாம். இடுப்பில வேண்டாம்."

அதோட முடிஞ்சுது. இடுப்பில வெள்ளைப் பருத்தி எட்டு முழ வேட்டி, கால் வரைக்கும் இறக்கி. தலையில கட்டம் போட்ட சாரத்துணித் தலைப்பா. பொன்னுருக்கலுக்குக் கட்டினதை எடுத்துத் தலையில வைக்கேலாது, இடுப்பில பட்டது, அதால அதே கட்டத்தில புதுசு ஒண்டு எடுத்தனாங்கள். ரெண்டு மீற்றர் துணி தலைப்பாவுக்குக் காணாது, கண்டியளோ. வெட்டவும் ஏலாது. மூலைக்கு மூலை மடிச்சு முறுக்கி, உள்ளுக்குக் கான்வஸ் துணியில ஒரு தொப்பி தைச்சு அதுக்கு மேல சுத்தி, பின்னால விசிறி மாதிரி ஒரு மடிப்பு விட்டுக் குண்டூசி குத்தினன். மூண்டு தரம் அவிட்டுக் கட்டினது. கல்லும் இல்லை இறகும் இல்லை. அவன்ர தலையில அது இருந்த வடிவுக்கு இண்டைக்கும் நான் அந்தப் படத்தைக் கடையில மாட்டேல்லையே எண்டு கவலை, கேட்டா முகம் தெரியப்படாது எண்டுதுகள்.

கலியாணத்தண்டு காலமை, மாப்பிளைக்குப் பால் அறுகு வைச்சு முழுக வாத்து வெளிக்கிடுத்தி, தலைப்பாவை எடுத்து வைச்சது தேப்பன் தானாம். நான் பொம்பிளை வீட்டில, பாக்கக் கிடைக்கேல்லை.

இனி என்ர பிழை. நீலச் சீலையைப் பிள்ளை கொழும்பில ஒரு ஆளிட்டச் சொல்லி அவுரிச் சாயம் தோய்ச்சு எடுத்தவள். அவுரி மற்றச் சாயம் மாதிரி இல்லை, தண்ணியில கரையாது, சாயத் தொட்டியில புளிக்க வைச்சாத்தான் இளகும், துணி தொட்டிக்குள்ள மஞ்சப் பச்சையாத்தான் இருக்கும், வெளியில எடுத்துக் காத்துப் பட்ட பிறகுதான் நீலமாகும். அதால நிறம் நூலின்ர மேல படிஞ்சு நிக்கும், நல்லா அலசாட்டி மேலுக்கு நிக்கிற தூள் கையில வரும். இது எனக்குத் தெரியும். மூண்டு தரம் பச்சைத் தண்ணியில அலசினன், காய்ஞ்ச பிறகு வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாத்தன், ஒண்டும் வரேல்லை, சரியெண்டு கஞ்சி போட்டன். ஈரத் துணியால தேய்ச்சுப் பாக்கேல்லை. பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

கன்னிகாதானத்தில என்ன செய்யிறவை? தண்ணி வாக்கிறவை.

பிள்ளையின்ர தேப்பன் அவளின்ர கையை மாப்பிளையின்ர கையில வைக்க, தாய் செம்பால தண்ணி வாத்தா. தண்ணி கையால வழிஞ்சு பிள்ளையின்ர மடியில முந்தானையில பட்டு, கஞ்சி இளகி அதோட ஒட்டி நிண்ட நீலமும் இளகி, மாப்பிளையின்ர வெள்ளை வேட்டியில முழங்காலடியில உள்ளங்கை அளவு நீலம். பிள்ளையின்ர கைவிரல் நீலம். ஐயரின்ர தர்ப்பையில கூட ஒரு பொட்டு. நான் தூணுக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன், எனக்குக் காலுக்குக் கீழ நிலம் இல்லை. வீடியோக்காரப் பொடியன் வேற வடிவாக் கிட்டப் போய் அதை எடுக்கிறான். சனத்துக்குள்ள குசுகுசு தொடங்கீட்டுது.

மாமிதான், கூறையில நீலம் ஒரு நூல் வரக்கூடாது எண்டு நிண்ட அதே மாமிதான், எழும்பி வந்து எல்லாருக்கும் கேக்கச் சொன்னா, "நாவூறு கழிஞ்சுது எண்டு விடுங்கோ, பிள்ளையைக் கூறை மாத்தக் கூட்டிக்கொண்டு போங்கோ." அவ்வளவுதான். அந்தக் கூறை அவ கப்பலேறிப் போய்த் தேடி எடுத்தது, அதைச் சனம் பாக்கோணும் எண்டு அவவுக்கு அவசரம், நீலத்தில நிக்க நேரமில்லை.

உள்ள கொண்டு போய் முதல் வேலை கையைத் தேசிக்காயும் சவுக்காரமும் போட்டுத் தேய்ச்சது, முழுக்கப் போகேல்லை, நகக்கண்ணில நிண்டுது. பேந்து கொலர்ச் சட்டையைக் கழட்டி மற்றச் சட்டை. ரெண்டு சட்டை தைச்சதுக்குக் காரணமிருக்கு, கொலர் நிண்டா தாலிக்கொடி கழுத்தில இறங்காது, பின்னால பூட்டுற ஆளுக்குப் பூட்டுத் தெரியாது, அட்டியலும் இருக்காது. அதால முதல் சட்டைக்கு நீட்டுச் சங்கிலி மட்டும், கூறைச் சட்டைக்குப் பின்கழுத்து நாலு விரல் இறக்கி வைச்சுத் தைச்சனான். பருத்தி கலந்தபடியாச் சீலை சொன்ன சொல் கேட்டுது, மடிப்பு ஒரே தரத்தில நிண்டுது, பதினொரு நிமிசத்தில வெளியில விட்டிட்டன். பட்டெண்டா ஏலாது.

கூறையோட அவள் வந்து இருக்க, அவளின்ர கட்டமும் அவன்ர தலைப்பாக் கட்டமும் பக்கத்தில பக்கத்தில. சத்தியமா நான் திட்டம் போடேல்லை, மாமியும் போடேல்லை. சனம் அதைத்தான் பாத்தது, நீலத்தை மறந்திட்டுது. ஆனா முழுக்க இல்லை, ஒரு மாசமா வாற போற ஆக்கள் எல்லாம் என்னட்டச் சாயம் போற கதைதான் கேட்டவை, ரெண்டு ஓடர் கையை விட்டும் போச்சு.

இப்ப என்ர கடையில என்ன சீலை வந்தாலும் ஈரத் துணியால தேய்ச்சுப் பாக்காமல் ஊசி எடுக்கிறதில்லை. அவுரி எண்டா கஞ்சி இல்லை. பொன்னுருக்கினாப் பிறகு பொம்பிளையும் மாப்பிளையும் பாக்கக்கூடாது எண்ட முறையால ரெண்டு பேரின்ர உடுப்பையும் பக்கத்தில வைச்சுப் பாக்கக் கிடைக்காது, அதால உடுப்புகளை மட்டுமாவது முதல் நாள் ஒரு மேசையில ஒண்டாப் போட்டு, தண்ணி தெளிச்சுப் பாக்கிறன். பழகிற பிள்ளையள் சிரிக்கினம், சிரிக்கட்டும்.

நீல வேட்டியை வெளுக்கத் தாங்கோ எண்டு கேட்டன், மாமி விடேல்லை, தலைப்பாவையும் அவிழ்க்க விடாமல் தேப்பன் அலுமாரிக்குள்ள வைச்சிட்டாராம். நாலாம் சடங்கு முடிஞ்சு ரெண்டு கிழமையால பொடியன் மோட்டச்சைக்கிளில வந்து ஒரு பொலித்தீன் பையைத் தந்தான், பொன்னுருக்கலுக்குக் கட்டின மூட்டாத துணி. "மூட்டித் தாங்கோ அக்கா, வீட்ட கட்ட." இருக்கச் சொல்லி அஞ்சு நிமிசத்தில மூட்டிக் குடுத்தன். கூலி 100 ரூபா, சில்லறை இல்லை பேந்து தாறன் எண்டு போனவன், இன்னும் தரேல்லை.